இன்ஷூரன்ஸ் காகிதமா, செல்போனா? சாட்சி சொல்ல வேண்டியது சர்க்கார்!

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை நாலு மணிக்கே பிழைப்பு தொடங்கிவிடுகிறது. படகுகள் கரை சேருகின்றன. ஏலம் கூவுகிறார்கள். ஐஸ் உடைபடுகிறது. மீன் பெட்டிகள் லோடு ஆட்டோக்களில் ஏறுகின்றன. வில்லியனூர், மதகடிப்பட்டு வழியாக எல்லை தாண்டி விழுப்புரம் பக்கம் போகும் வண்டி, வெயில் ஏறுமுன் சந்தை சேர வேண்டும். சேர்ந்தால் மீனுக்கு விலை. தாமதித்தால் கருவாட்டு விலைகூடத் தேறாது.

சென்ற மாதம் இப்படிப் புறப்பட்ட ஒரு லோடு ஆட்டோ எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டது. ஓட்டுகிற தோழர் கூலிக்கு ஓட்டுகிறவர், வண்டி வேறொருவருடையது. “இன்ஷூரன்ஸ் எடு” என்றார் காவலர். தோழர் செல்போனை எடுத்து, வண்டிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பாலிசியின் படத்தைக் காட்டினார். “இது போட்டோய்யா. செல்லாது. டிஜிலாக்கர்ல காட்டு, இல்லேன்னா ஒரிஜினல் பேப்பர் காட்டு.”

“சார், டிஜிலாக்கர் ஓனர் பேர்ல இருக்கு சார். ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும்.”

“அப்ப ஓனரைக் கூப்பிடு.”

விடியற்காலை ஐந்து மணிக்கு எந்த ஓனர் போனை எடுப்பார்? மணி அடித்தது, அடித்தது, நின்றது. பெட்டியில் ஐஸ் உருகி ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் “இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியது” என்று எழுதி இரண்டாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையா? இருந்தது. காலாவதி ஆக இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது. பணம் கட்டியாகிவிட்டது, பாலிசி உயிரோடு இருக்கிறது, ஆனாலும் ஒரு கூலித் தொழிலாளி “இல்லாதவன்” ஆக்கப்பட்டான். அபராதத்தை யார் கட்டினார்? “வண்டி ஓட்டினது நீதானே” என்று வண்டிக்காரர் கைவிரித்தார். நான்கு நாள் கூலி போயிற்று.

இதைச் சின்ன விஷயம் என்று சொல்லும் தோழர்களும் உண்டு. விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம், தனியார்மயம் என்று எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்க, ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்றிக் கட்சிப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அவர்கள் கேட்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. சர்க்காரின் குணத்தைத் தொழிலாளி தெரிந்துகொள்வது பட்ஜெட் புத்தகத்தைப் படித்தல்ல. ரோட்டோரத்தில் தன் பாக்கெட்டைத் துழாவும்போதுதான் தெரிந்துகொள்கிறான்.

இரண்டு கூச்சல்கள்

இந்தப் பிரச்னையில் இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கட்சி, நவநாகரிகக் கனவான்களின் கட்சி. “எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டது, இன்னும் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுவதா? பழமைவாதிகள்!” என்கிறார்கள். இவர்கள் கையில் உள்ள போனுக்கு எப்போதும் சார்ஜ் உண்டு, எப்போதும் நெட் உண்டு. கார் இவர்கள் பெயரிலேயே இருக்கிறது. ஆதார் எண்ணோடு சேர்ந்த நம்பர் இவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆகவே உலகம் முழுவதும் தங்களைப் போலவே இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மற்றொரு கட்சி, சிவப்பு நாடாவின் கட்சி. “போனில் காட்டுவதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரிஜினலைக் கொண்டுவா” என்கிற அதிகாரிகளின் கட்சி. சட்டம் மாறி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் அதிகாரவர்க்கத்தின் மேஜைக்குப் புதிய சட்டம் நடந்து வர வெகுநாள் ஆகும். புதிய அபராதமோ ஒரே இரவில் பறந்து வந்துவிடும்!

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே சிக்கி நசுங்குகிறவன் தொழிலாளி. முதல் கட்சி அவனிடம் போனைக் கேட்கிறது, இரண்டாம் கட்சி காகிதத்தைக் கேட்கிறது. பாரம் மட்டும் இருவரிடத்திலும் அவன் தலையில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தோழர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவனைத்தான் மிரட்ட முடியும்.

மூன்றாம் நபருக்கு ஏற்படும் நஷ்டத்திற்கு இன்ஷூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்கிறது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு. எடுக்காமல் ஓட்டினால் 196ஆவது பிரிவின்படி தண்டனை. முன்பு ஆயிரம் ரூபாய் வரை இருந்த அபராதத்தை 2019ஆம் வருஷத் திருத்தம் இரண்டாயிரம் ஆக்கியது. மறுபடி பிடிபட்டால் நாலாயிரம். மூன்று மாதச் சிறைவாசமும் உண்டு.

எடுத்த இன்ஷூரன்ஸைக் கேட்டபோது காட்டுவது என்பது வேறு பிரிவு, 158ஆவது பிரிவு. காட்டத் தவறினால் பொதுப் பிரிவான 177ன் கீழ் முதல் தடவைக்கு ஐந்நூறு ரூபாய் வரைதான் அபராதம். “இன்ஷூரன்ஸ் இல்லை” என்பது ஒரு குற்றம்; “கையில் காட்டவில்லை” என்பது வேறு ஒரு தவறு. இரண்டையும் ஒன்றாக்கி, காட்ட முடியாதவனையெல்லாம் இல்லாதவன் என்று எழுதுவது பகல் கொள்ளை. நமது மீன் லோடு தோழர் விஷயத்தில் நடந்தது இதுதான்.

மேலும் கேளுங்கள். கையில் இல்லையென்றால் ஏழு நாளுக்குள் தான் குறிப்பிட்ட போலீஸ் நிலையத்தில் காட்டினால் தண்டனையில்லை என்று அதே 158ஆவது பிரிவு சலுகை தருகிறது. யாருக்கு? சொந்தக் காரில் பவனி வருகிற கனவானுக்கு! பிரிவின் வாலில் ஒரு ஷரத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது: போக்குவரத்து வாகனத்தின் ஓட்டுநருக்கு இந்தச் சலுகை கிடையாது, விதிகளில் தனியாகச் சொன்ன அளவுக்குத்தான் உண்டு. லோடு ஆட்டோவும், லாரியும், பஸ்ஸும், வாடகைக் காரும் போக்குவரத்து வாகனங்கள். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தால் முதலாளிக்கு ஒரு வாரம் தவணை. உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அதே இடத்தில் கேள்வி! வர்க்க சமுதாயத்தில் சட்டம் எல்லோருக்கும் சமம் என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்த ஒரு ஷரத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்?

ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139ஆவது விதி எழுதப்பட்டபோதே, கையில் தஸ்தாவேஜு இல்லாதவர் சான்றொப்பமிட்ட நகலை 15 நாளுக்குள் நேரிலோ பதிவுத் தபாலிலோ காட்டலாம் என்று இடம் தந்தது. அதே விதியை 2018 நவம்பரில் திருத்தி, தஸ்தாவேஜுகளைக் காகிதத்திலோ மின்னணு வடிவத்திலோ காட்டலாம் என்று எழுதினார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே, 2018 ஆகஸ்டில், டிஜிலாக்கரிலும் எம்-பரிவாஹனிலும் உள்ள லைசென்ஸ், ஆர்.சி. ஆகியவற்றை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியது. 2020 அக்டோபர் 1 முதல் அமுலுக்கு வந்த திருத்தமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று: மின்னணு வழியில் சரிபார்த்து, தஸ்தாவேஜு உயிரோடு இருப்பதாகத் தெரிந்துவிட்டால், அதைக் காகிதத்தில் கொண்டுவா என்று கேட்கவே கூடாது.

இந்தக் கடைசி வாசகத்தைத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். சரிபார்ப்பது யார் வேலை? அதிகாரியின் வேலை. எதில் சரிபார்ப்பது? சர்க்காரின் சொந்தப் பதிவேட்டில். காவலர் கையில் உள்ள இ-செலான் கருவி அந்த வாகனப் பதிவேட்டோடு இணைக்கப்பட்டது. வண்டி நம்பரைத் தட்டினால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று அதிலேயே தெரியும். அபராதம் போடுவதற்கு அந்தக் கருவி வேலை செய்கிறது. நிரபராதி என்று காட்டுவதற்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

விற்கத் தெரிந்தவர்களுக்குத் திறக்கத் தெரியாதா?

“பதிவேடு எல்லா இடத்திலும் கிடைக்காது, நெட் கிடைக்காது, நடைமுறைச் சிரமம்” என்று அதிகாரிகள் சமாதானம் சொல்வார்கள்.

2019 ஜூலையில் மாநிலங்களவையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொன்ன பதிலை அவர்களுக்கு நினைவூட்டுவோம். வாகனப் பதிவேடு, லைசென்ஸ் பதிவேடு இரண்டையும் பார்க்க 87 தனியார் கம்பெனிகளுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் வசதி செய்து கொடுத்து, சர்க்கார் 65 கோடி ரூபாய் சம்பாதித்தது! அந்த மொத்த விற்பனைக் கொள்கையை எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2020ல் கைவிட்டார்கள். ஆனால் ஒரு விஷயம் நிரூபணமாகிவிட்டது. நம் வண்டியின் ஜாதகம் முழுவதும் சர்க்கார் கையில் இருக்கிறது. கம்பெனிக்காரனுக்குக் காட்டப் பணத்திற்கு அது திறந்தது. தேங்காய்த்திட்டு லோடு ஆட்டோக்காரன் ரோட்டோரத்தில் நிற்கும்போது மட்டும் அது திறக்காதாம்!

பாண்டிச்சேரியை ஏறக்குறைய இருநூற்று எண்பது ஆண்டுகள் தொடர்புவைத்து ஆண்டுபோன பிரான்ஸ் தேசத்தைப் பாருங்கள். அங்கேயும் முதலாளித்துவ சர்க்கார்தான். அதைப் புகழ நமக்கு அவசியமில்லை. அங்கே வாகனம் வைத்திருப்பவர்கள் இன்ஷூரன்ஸுக்குப் “பச்சை அட்டை” ஒன்று வைத்திருக்க வேண்டியிருந்தது. முன் கண்ணாடியில் ஒரு சீட்டும் ஒட்ட வேண்டியிருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பதிலாக எல்லோரும் போனில் காட்ட வேண்டும் என்று கேட்டார்களா? இல்லை. இன்ஷூர் செய்த வாகனங்களின் பொதுப் பதிவேடு ஒன்றை வைத்து, போலீஸ்காரர் நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். அதைப் புதுப்பித்து வைக்க வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கடமை. ஓட்டுகிறவனிடம் காகிதமும் கேட்பதில்லை, போனும் கேட்பதில்லை.

அங்கே காகிதத்தை ஒழித்தபோது பாரம் சர்க்கார் தலைக்கும் கம்பெனி தலைக்கும் போயிற்று. இங்கே காகிதத்தை ஒழிக்கப் பார்க்கும்போது பாரம் தொழிலாளியின் போனுக்குப் போகிறது. போன் அவன் காசு, சார்ஜ் அவன் காசு, நெட் அவன் காசு. சர்க்காருக்குச் சேமிப்பு, தொழிலாளிக்குச் செலவு. இதற்குப் பெயர் நவீனமாம்!

காகிதத்தைப் பூஜிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் போனே வேண்டாம், காகிதம்தான் நமக்குத் துணை” என்று நம் தோழர்களில் சிலர் கிளம்பலாம். அதுவும் தவறு.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. பீரோவில் இருந்த ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் நனைந்து கூழாயின. அப்படி இழந்தவர்களுக்கு டிஜிலாக்கரில் இருந்த நகல் உதவியது உண்மை. அதே இரவில் கரண்ட் இல்லாமல் போன்கள் செத்துக் கிடந்ததும் உண்மை. வெள்ளம் காகிதத்தையும் விடவில்லை, போனையும் விடவில்லை. ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்பதே ஏழையின் விவேகம்.

மோசடி விஷயமும் அப்படியே. போலி இன்ஷூரன்ஸ் காகிதம் அச்சடித்து மலிவு விலைக்கு விற்கிற கும்பல்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். முத்திரையும் கையெழுத்தும் அசல் போலவே இருக்கும். விபத்து நடந்த பிறகுதான், அந்தப் பாலிசி எந்தக் கம்பெனியிலும் இல்லை என்பது தெரியும். காகிதத்தை மட்டும் நம்பியவன் கதி அதோகதி. ஆகையால் பணம் கட்டிய அன்றே பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இதற்குப் போன் நல்ல ஆயுதம். ஆயுதத்தை எதிரி செய்தான் என்பதற்காகத் தொழிலாளி வர்க்கம் அதை வேண்டாம் என்று சொல்வதில்லை.

அதேசமயம், பதிவேடு தப்பாக இருந்தால்? பிரீமியம் கட்டியிருப்போம், கம்பெனி ஏற்றாமல் விட்டிருக்கும், அல்லது வண்டி நம்பரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். திரையில் “இல்லை” என்று வரும். அப்போது நம் பக்கம் நின்று பேசுவது எது? கையெழுத்தும் பாலிசி நம்பரும் தேதியும் உள்ள அந்தக் காகிதம்தான். பதிவேடு சர்க்காரின் சாட்சி. காகிதம் நமது சாட்சி. சர்க்காரின் சாட்சி பிறழும்போது எதிர்த்து நிற்க நமக்கென்று ஒரு சாட்சி இருந்தே ஆக வேண்டும். காகிதத்தை ஒரேயடியாக ஒழிக்க நினைப்பதை நாம் எதிர்ப்பது இதற்காகத்தான்.

புதுச்சேரிக்காரனுக்குக் காகிதத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1962 ஆகஸ்ட் 16ல் பிரான்சுடன் செய்த ஒப்பந்தம் அமுலுக்கு வந்தபோது, ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே நீடித்தார்கள். ஒரு தாளில் போட்ட கையெழுத்து, பேரன் பேத்தி காலம் வரை ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றியது. அதற்கும் முன்னே, 1936 ஜூலை 30ல் சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியப் போலீஸ் சுட்டதில் 12 தோழர்கள் மடிந்தார்கள். அந்த ரத்தத்தின் பலனாகத்தான் மறுவருஷம் எட்டு மணி நேர வேலை சட்டத்தில் ஏறிற்று. வாயால் தந்த வாக்குறுதியை முதலாளி மறுநாளே மறந்துவிடுவான். எழுத்தில் வாங்கியதைத்தான் கேட்டு வாங்க முடியும். தொழிற்சங்க இயக்கத்தின் பாலபாடம் இது.

சான்று யாருக்காக?

இன்னொரு முக்கியமான விஷயத்தை இரண்டு கட்சிக்காரர்களும் மறந்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் சான்று இருப்பது போலீஸ்காரருக்குக் காட்டுவதற்காகவா?

துறைமுகத்திலிருந்து அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்கப் போகிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவள் மீது ஒரு வண்டி மோதுகிறது. அவளுக்கு வண்டியும் இல்லை, பாலிசியும் இல்லை. ஆனால் சட்டம் “மூன்றாம் நபர்” என்று சொல்வது அவளைத்தான். கட்டாய இன்ஷூரன்ஸ் ஏற்பட்டதே அவளுக்காகத்தான். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 164ஆவது பிரிவின்படி, தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே, மரணத்திற்கு ஐந்து லட்சமும் படுகாயத்திற்கு இரண்டரை லட்சமும் கேட்க வழியுண்டு. கூடுதலாகக் கேட்க விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது.

யாரிடம் கேட்பது? எந்தக் கம்பெனி, எந்தப் பாலிசி நம்பர் என்று அவள் குடும்பத்திற்குத் தெரிந்தால்தானே? மோதிய வண்டிக்காரரின் போனுக்குள், அவருடைய ஓடிபிக்குள் அந்த விவரம் பூட்டிக்கிடந்தால் அவள் மகன் எதைப் பிடித்துக்கொண்டு அலைவான்? வண்டியின் விவரத்தையும் இன்ஷூரன்ஸ் விவரத்தையும் நஷ்டஈடு கேட்பவருக்குப் பதிவு அதிகாரியோ போலீஸ் நிலைய அதிகாரியோ தந்தே ஆக வேண்டும் என்கிறது 160ஆவது பிரிவு. இந்தப் பிரிவு எத்தனை போலீஸ் நிலையங்களின் வாசலில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? ஓட்டுநரிடம் “காட்டு, காட்டு” என்று கேட்பதில் உள்ள சுறுசுறுப்பு, ஊனமாகிப் படுத்தவளுக்கு விவரம் கொடுப்பதில் ஏன் இல்லை?

நாட்டில் உள்ள வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2024ல் எடுத்துக் காட்டியது. அதாவது, சாலையில் அடிபடுகிற ஏழைக்கு இரண்டில் ஒரு பங்கு நஷ்டஈடே சந்தேகம். இந்தக் கேவலத்தை ஒழிப்பது எப்படி என்று யோசிக்க வேண்டிய சர்க்கார், இன்ஷூரன்ஸ் எடுத்தவனைப் பிடித்து “எந்த ரூபத்தில் காட்டுகிறாய்” என்று விசாரித்துக்கொண்டிருக்கிறது. எடுக்காதவன் நழுவுகிறான், எடுத்தவன் அபராதம் கட்டுகிறான்!

இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் திரித்துக் கூற வேண்டாம். தொழிலாளியே தன் லோடு ஆட்டோவுக்கு உரிமையாளராக இருக்கும்போது, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு விபத்து நேர்ந்தால் வண்டியும் போகும், வீடும் போகும். மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் நபர் பிரீமியம், 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை, 2022 ஜூன் உத்தரவுப்படி வருஷத்திற்கு 714 ரூபாய், வரி தனி. தினக்கூலிக்காரனுக்கு இது லேசான தொகை அல்ல. ஆனாலும் கட்டத்தான் வேண்டும். கட்டியவனை மதிக்கத்தான் வேண்டும்.

லாபம் ஒருவனுக்கு, பாரம் ஒருவனுக்கு

இந்தப் பிரீமியப் பணம் எங்கே போகிறது என்பதையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1973 ஜனவரி 1ல் பொது இன்ஷூரன்ஸ் தேசியமயமானபோது நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்கு அரசுக் கம்பெனிகளாக ஒன்றுசேர்ந்தன. அவற்றில் ஒன்றுக்குத் தலைமையகம் சென்னை. 1999ஆம் வருஷச் சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்தது. அந்நிய முதலீட்டு வரம்பு 26 சதவிகிதம் என்று ஆரம்பித்து, 2015ல் 49, 2021ல் 74 என்று ஏறியது. அதே 2021ல், அரசுக் கம்பெனிகளில் சர்க்காரின் பங்கு பாதிக்குக் கீழே போகலாம் என்றும் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டத்தின் கட்டாயத்தால் ஏழை கட்டுகிற பணம், அந்நிய மூலதனத்தின் பெட்டிக்குப் போகப் பாதை போட்டாகிவிட்டது. வாங்குகிற கம்பெனியோ பாலிசியை அச்சடித்துத் தரக்கூட யோசிக்கிறது. 2024 முதல் பாலிசிகளை மின்னணு வடிவத்தில்தான் வெளியிட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. காகிதம் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்பது தெரியாதவனுக்குக் கிடைக்காது. அவன் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் தன் காசில் பிரிண்ட் எடுக்கிறான். அச்சுக்கூலி மிச்சம் கம்பெனிக்கு, பிரிண்ட் செலவு தொழிலாளிக்கு!

புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருஷத்திற்கும், புதுக் காருக்கு மூன்று வருஷத்திற்கும் சேர்த்து மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அது, நியாயமான உத்தரவு. ஆனால் ஐந்து வருஷத்தில் ஒரு தொழிலாளியின் போன் எத்தனை தடவை உடையும், நம்பர் எத்தனை தடவை மாறும்? பழைய நம்பர் போய்விட்டால் ஓடிபி எங்கே வரும்? கனவான்கள் இதற்கு விடை சொல்லிவிட்டுக் காகிதத்தை ஒழிக்கட்டும்.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் கேட்பது இவை:

1. வண்டியை நிறுத்தும் அதிகாரி முதலில் சர்க்கார் பதிவேட்டில் பார்க்க வேண்டும். அதில் இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தால், காகிதமோ போனோ கேட்கக் கூடாது.

2. பதிவேடு திறக்காவிட்டால், காகிதம், மின்னணு நகல் இரண்டில் எதைக் காட்டினாலும் ஏற்க வேண்டும். எதைக் காட்டுவது என்பது ஓட்டுகிறவரின் உரிமை.

3. இரண்டும் இல்லாவிட்டாலும் தவணை தர வேண்டும். 196ஆவது பிரிவை எழுதக் கூடாது. 158ஆவது பிரிவில் போக்குவரத்து வாகன ஓட்டுநரை ஒதுக்கிவைத்த ஷரத்தை நீக்க வேண்டும்.

4. இன்ஷூரன்ஸ், ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட் நகல்களை வண்டியிலேயே வைப்பது உரிமையாளரின் கடமை. வைக்கத் தவறினால் அபராதம் உரிமையாளருடையது. கூலி ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

5. பிரீமியம் வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும், கேட்காமலே, இலவசமாக, தமிழில் சுருக்கம் சேர்த்துக் காகிதச் சான்று தர வேண்டும்.

6. விபத்தில் அடிபட்டவருக்கும் குடும்பத்திற்கும் 160ஆவது பிரிவின்படி இன்ஷூரன்ஸ் விவரம் தரப்படும் என்ற அறிவிப்பை எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

7. புதுச்சேரி வண்டிகள் நாள்தோறும் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் போகின்றன. முள்ளோடையில் ஒரு நியாயம், கோட்டக்குப்பத்தில் ஒரு நியாயம், மதகடிப்பட்டில் ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது. இரண்டு சர்க்கார்களும் ஒரே நடைமுறையை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பது நம் வழக்கமல்ல. லோடு ஆட்டோ, ஆட்டோ, வேன் ஓட்டுகிற தோழர்கள் இன்றே சில காரியங்கள் செய்யலாம்.

வண்டி எடுக்குமுன் உரிமையாளரிடம் இன்ஷூரன்ஸ் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் ஸ்டாண்டில் சொல்லுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் முறைப்பார், இருபது பேர் சேர்ந்து கேட்டால் கொடுப்பார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியில் ஒன்று வையுங்கள், வீட்டில் ஒன்று வையுங்கள். சொந்த வண்டிக்காரர்கள் போனிலும் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, வண்டி நம்பர், கம்பெனி பெயர், பாலிசி நம்பர், முடிகிற தேதி நான்கையும் எழுதுங்கள். படித்த இளைஞர் ஒருவர் மாதம் ஒருமுறை அதைப் பார்த்து, தேதி நெருங்குகிறவர்களுக்கு ஞாபகப்படுத்தட்டும். செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. மிச்சம் இரண்டாயிரம் ரூபாய் அபராதம்.

வழியில் நிறுத்தினால் ஓடாதீர்கள், ஒளியாதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். “சார், நம்பரைப் போட்டுப் பாருங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். தவறான பிரிவில் எழுதினால் செலானைச் சங்கத்திற்குக் கொண்டுவாருங்கள். பாலிசி நகலோடு எதிர்த்து மனுப் போடுவோம். அந்த மீன் லோடு தோழர் தன் செலானைக் கொண்டுவந்துவிட்டார். மனு எழுதியாகிவிட்டது. பணம் திரும்புமா என்று கேட்டார். திரும்பும் என்று நாம் பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. கேட்காவிட்டால் நிச்சயமாகத் திரும்பாது என்று மட்டும் சொன்னோம்.

காகிதமா, போனா என்று தொழிலாளியைத் தொழிலாளியோடு வாதாட விட்டுவிட்டு, சாட்சி சொல்ல வேண்டிய சர்க்கார் வாய்மூடி நிற்கிறது. அதன் கையில் பதிவேடு இருக்கிறது. அதைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும். சொல்லும் வரை நமது காகிதம் நமது பையில் இருக்கும், நமது நகல் நமது போனில் இருக்கும், நமது பெயர் சங்கத்தின் நோட்டில் இருக்கும்.

தோழர்களே! வருகிற வாரத்திற்குள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து வண்டிகள் அனைத்தும் அந்த நோட்டில் ஏறட்டும்!